அடியெடுத்துக் கொடுத்தவள்

ஏத்தா, கொஞ்சம் தள்ளி உக்காரு. இந்தப் பைக்குள்ள மாவடு சாடி இருக்கு. வண்டி குலுங்குனா உன் துணியெல்லாம் உப்புத்தண்ணி ஆயிரும். ம், அம்புட்டுப் போதும். ராஜபாளையம் வரைக்குமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

அதென்ன கழுத்துல, பட்டையில கோத்து அட்டை தொங்குது? கம்பெனி அட்டையா? கம்ப்யூட்டர் கம்பெனி? நெனச்சேன். ஏறும்போதே நெனச்சேன். மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி, லீவுக்கு ஊருக்குப் போகும்போதும் கழட்ட மாட்டீகளோ? சரி சரி, மறந்து போட்டுக்கிட்டு வந்துட்ட. சிரிக்காதே. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காமச் சொல்லு. நீயும் இந்த இன்டர்வியூ எடுப்பியா? வேலைக்கு வர்ற பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, இவ வேணும், இவ வேண்டாம்னு தள்ளுற சோலி? எப்பவாவது எடுப்பியா!

அப்ப சரி. சாமியாப் பாத்துத்தான் உன்னை இந்தச் சீட்டுல உக்கார வச்சிருக்கு. நீயே எனக்கு ஒரு ஞாயம் சொல்லு. பெத்த தாய், தன் வீட்டுல, தன் அடுப்படியில நின்னா அது கள்ளத்தனமா? சொல்லு பாப்போம். இல்லை, இப்பச் சொல்லாதே. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு. அடுத்தவுக பேசி முடிக்கிறதுக்குள்ள வாயை விடுறவுகளாலதான் உலகத்துல பாதி வம்பு.

என் பேரு சீனியம்மா. மதுரை ஜெய்ஹிந்த்புரம். நானும் கம்பெனியிலதான் வேலை பாக்குறேன். அப்பளக் கம்பெனி. சிரிக்காதேங்குறேன், அதுவும் கம்பெனிதான், வாசல்ல போர்டு இருக்கு. என்னைய வேலைக்கு எடுத்த கதை தெரியுமா? முதலாளி, "கையைக் காட்டு"ன்னாரு. காட்டினேன். "வேர்க்குமா?"ன்னாரு. "வேர்க்காது"ன்னேன். "காலையில வந்துரு"ன்னாரு. முடிஞ்சது. அன்னைக்கு ஏறுனதுதான் அந்த மொட்டை மாடியில, இன்னைக்கு வரைக்கும் அப்பளம் காயப் போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு ஆளை எடுக்க அம்புட்டுப் பேச்சுப் போதாதா? உங்க ஆளுகளுக்கு மட்டும் ஏன்த்தா இத்தனை கேள்வி, இத்தனை ரவுண்டு? பொண்ணு பாக்க வர்றவன்கூட ஒரு காப்பியோட முடிச்சுக்கிறான்.

மகளைப் பத்திச் சொல்லணும்ல. நாகஜோதி. புத்துக்குப் பால் ஊத்தி ரொம்பக் காலம் கழிச்சுப் பெத்தது. ஒண்ணே ஒண்ணு. இன்ஜினியரிங் படிச்சா, கம்ப்யூட்டரு. கூடப் படிச்சதுகள்ல பாதி மெட்ராசு, பெங்களூருன்னு போயிருச்சு. இவளுக்கு மட்டும் தட்டிக்கிட்டே போச்சு. எழுதுற பரிச்சைன்னா எழுதிருவா. பேசுற இடத்துலதான் கொஞ்சம் மெதுவு. சத்தமே வராது. "வாயை மொத்தமா நீ எடுத்துக்கிட்ட, பிள்ளைக்கு மிச்சம் வைக்கலை"ன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. ஏடிஎம்முல நைட் வாட்ச்மேன் அவரு. அந்த மனுசன் வாயைத் தொறக்குறதே தீவாளிக்குத் தீவாளி. தொறந்தா இந்த முத்துத்தான் உதிரும்.

இதுல ஒரு கெடு இருக்கு, உனக்குத் தெரியாததா? படிச்சு முடிச்சு ரொம்ப நாளு வீட்டுல இருந்துட்டா உங்க கம்பெனிக்காரன் எவனும் திரும்பிப் பாக்க மாட்டானாம்ல? போன வருசத்துப் பிள்ளைகளோட சரியாம், அதுக்கு முந்தி முடிச்சதுக செல்லாதாம். பழைய அப்பளம் மாதிரி. எண்ணெய்ல போட்டாலும் பொரியாதுன்னு ஒதுக்கி வைப்போமே, அந்த மாதிரி என் பிள்ளையை ஒதுக்கி வச்சிருவானாம். அந்தக் கெடு இந்த ஆவணியோட முடியுது. அதுக்குள்ள ஒண்ணு அமையலைன்னா படிச்ச படிப்பைச் சுருட்டி வச்சிட்டு ஜவுளிக்கடையில பில்லுப் போடப் போகணும். பில்லுப் போடுறது மட்டமான வேலைன்னு நான் சொல்லலை. அவ அழுவா. அதான் எனக்குப் பொறுக்கலை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பெரிய கம்பெனி வந்துச்சு. பேரு சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு இல்லை, சொன்னா எனக்கு வாய் எரியும். எழுதுறதுல பாஸு. கம்ப்யூட்டருக்குள்ள என்னமோ கணக்குப் போட்டுக் காட்டுறதுல பாஸு. கடைசியா மொகத்தைப் பாத்துப் பேசுறது ஒண்ணுதான் பாக்கி. வீட்டுல இருந்தே, லேப்டாப்புல.

அதுக்கு அவ தெனம் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பாப்பா. மை நேம் இஸ் நாகஜோதி, ஐ ஆம் ஃப்ரம் மதுரை. அப்படி ஆரம்பிச்சு ஆறு மாதிரி ஓடும். எனக்கு இங்கிலீசு தெரியாது. ரெண்டாப்போட நிறுத்திட்டாக. ஆனா காது இருக்குல்ல? ஒரு தடவை கேட்டா எனக்குள்ள அப்படியே உக்காந்துக்கும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலு, எங்க மூச்சு விடுவா, எங்க எச்சி முழுங்குவா, எல்லாம் எனக்கு அத்துப்படி. அதுல ஒரு பதிலு இருக்கே, என்னமோ சாமானை அடுக்கி வச்சு எடுக்குறதைப் பத்தி. லாஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட், ஃபர்ஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட். ஆமா, அதேதான், உனக்கும் தெரியுமா? சொல்லிப் பாரேன், அப்படியே கும்மித் தாளம். மாடியில அப்பளம் பரத்தும்போது நான் இதைத்தான் பாடிக்கிட்டிருப்பேன். கூட வேலை பாக்குறவளுக எல்லாத்துக்கும் இப்பப் பாடம்.

கும்மின்னதும்தான், அதையும் சொல்லிர்றேன். அது தெரியாம இந்த வழக்கு உனக்குப் புரியாது. எங்க தெருவுல வருசா வருசம் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம். பொம்பளைக எல்லாம் சுத்தி நின்னு கும்மி கொட்டுவோம். ஒருத்தி பாடுவா, மத்தவுக வாங்கிப் பாடுவாக. பாடுறவளுக்கு நேர் பின்னால ஒருத்தி நிப்பா. அவ அடியெடுத்துக் கொடுக்குறவ. முன்னால நிக்கிறவ ஒரு மூச்சு தயங்குனாப் போதும், அடுத்த அடியைச் சட்டுன்னு எடுத்து அவ காதுல போட்டுரணும். பாட்டு பாதியில அந்துச்சுன்னா சாமி குத்தம், அந்த வருசம் மழை இருக்காது. அந்த எடம் எப்பவும் எனக்குத்தான். நான் பின்னால நின்னு எவளும் அடி தப்புனதில்லை. வேணும்னா எங்க தெருவுல வந்து கேளு.

சரி, அந்த நாளுக்கு வர்றேன். நாங்க இருக்குறது வளவு வீடு. ஒரே முத்தம், சுத்தி வரிசையா குடித்தனம், ஆளுக்கு ஒரு ரூமு. ஒரு வீட்டுல தும்முனா எதிர்வீட்டுல "நூறு வயசு"ம்பாக. அந்த எடத்துல அமைதி வேணும்னா யாரு உண்டாக்குறது? நான்தானே? காலையில இருந்து ராணுவம் மாதிரி நின்னேன். எதிர்வீட்டுச் சவுந்தரத்துக்கிட்ட, "மிக்சியைத் தொட்டே, கையை ஒடிச்சுருவேன்"னேன். பக்கத்து வீட்டு ஜமீலா தையல் மிசினு ஓட்டுது, பாவம், கேட்டதும் தானாவே மூடிருச்சு. நைட்டு டூட்டி முடிச்சு வந்து படுத்த மனுசனை எழுப்பி, "ஓய், உம்ம கொறட்டை பெங்களூரு வரைக்கும் கேக்கும், போய்க் கோயில் மண்டபத்துல படும்"னு தொரத்திவிட்டேன். என்னையவும் சவுந்தரம் வீட்டுல போய் இருக்கச் சொல்லிட்டா நாகஜோதி. சரின்னு போனேன். போனேன்த்தா! அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாக.

வீட்டுச் சுவரு சுண்ணாம்பு உதுந்து கெடக்கும். கம்பெனிக்காரன் கண்ணுல அது படக் கூடாதுன்னு, குறுக்க கொடியைக் கட்டி என் கூறைச்சேலையைத் தொங்கவிட்டேன். அரக்குப் பட்டு. இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் அடுப்படி. மேல சட்டை, இஸ்திரி போட்டது. கீழ பழைய பாவாடை. இடுப்புக்கு மேலதான் தெரியுமாமே. சேலைக்கு முன்னால உக்காந்தா பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தா. கண்ணு பட்டுருச்சு. என் கண்ணே பட்டுருச்சு.

ஆரம்பிச்சாக. ஆரம்பிச்சு மை நேம் இஸ் தாண்டலை, தெருவுல வெங்காய வண்டி வந்துட்டான். "பெல்லாரி பெல்லாரி"ன்னு மைக்கைப் போட்டு. எனக்கு எப்படி இருக்கும்? ஓடுனேன். "எடுபட்ட பயலே, உன் வெங்காயத்துல தீ வைக்க, பிள்ளைக்கு இன்டர்வியூ நடக்குதுடா, அமத்துடா"ன்னு கத்துனேன் பாரு, தெருவே நின்னுருச்சு. அமத்திட்டான். ஒரு நிமிசத்துல அமைதியாக்கிட்டேன். அதுக்கு அந்த ஆளு, இன்டர்வியூ எடுக்குறவன், "பின்னாடி யாரும் சண்டை போடுறாங்களா?"ன்னு கேட்டானாம். நான் அமைதி உண்டாக்குறேன், அவனுக்குச் சண்டையாக் கேக்குது!

அவன் என்ன செஞ்சுக்கிட்டிருந்தான் தெரியுமா? டீ குடிச்சுக்கிட்டிருந்தான். உறிஞ்சுற சத்தம் அந்த மிசினு வழியா எங்க வீடு பூராக் கேக்குது. அவன் உறிஞ்சலாம். நாங்க மூச்சு விடக் கூடாது. என்ன ஞாயம்த்தா இது?

எனக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு கேக்குறியா? சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்தேன்ல, சவுந்தரம் வீட்டுல அவ புருசன் குளிச்சுட்டு நின்னாரு, உள்ள போக முடியலை. பின்வாசல் வழியா எங்க அடுப்படிக்குள்ள வந்து நின்னேன். என் அடுப்படி. சேலைக்கு இந்தப் பக்கம். அசையலை. வளையலைக்கூட மேல ஏத்திவிட்டுக்கிட்டேன்.

நல்லாத்தான் சொல்லிக்கிட்டு வந்தா. எனக்குத்தான் வரிசை தெரியுமே, ஒவ்வொண்ணா விழுகுது, நெஞ்சுக்குள்ள நான் தலையாட்டுறேன். அப்ப வந்துச்சு அந்தக் கேள்வி. நம்ம கும்மித் தாளக் கேள்வி. எனக்கு ஒரே சந்தோசம். இது கரும்பாச்சே!

அவ வாயைத் தொறக்கலை.

ஒரு மூச்சு போச்சு. ரெண்டு மூச்சு. அவன் டீயை உறிஞ்சுறான். இவ பேச மாட்டேங்குறா. பாட்டு அந்துபோகப் போகுது, என் கண்ணு முன்னாலயே அந்துபோகப் போகுது. நீயா இருந்தா என்ன செய்வ? சொல்லு, சும்மா நிப்பியா?

"லாஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட்"டுன்னு எடுத்துக் கொடுத்தேன். மெதுவாத்தான். காதுல போடுற மாதிரித்தான். அவ அப்பவும் எடுக்கலை. சரி, கேக்கலையோன்னு கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன்.

அந்த ஆளு டீயைக் கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு. என்னமோ கேட்டான். இவ, "நோ சார், நோ சார்"ங்குறா. வீட்டுல வேற யாரும் இருக்காகளான்னு கேட்டிருக்கான். நோ வாம்! பெத்தவளை நோன்னுட்டா. நான் உள்ள வந்தது அவளுக்குத் தெரியாதுன்னு வையி. இருந்தாலும் அந்த நோ எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்புறம் அவன், லேப்டாப்பைத் திருப்பி வீட்டைச் சுத்திக் காட்டச் சொல்லியிருக்கான். போலீசு வந்து சோதனை போடுவான்ல, அப்படி. இவ திருப்புனா. சேலைக்கு அடியில என் காலு ரெண்டும் தெரியுது. மெட்டியோட.

"அம்மா, வெளிய வாங்க"ன்னான். நல்ல தமிழு! அப்ப இம்புட்டு நேரம் என் பிள்ளையை எதுக்கு இங்கிலீசுல வதைச்சான்?

ஒளிஞ்சு நிக்க நான் என்ன திருடியா? சேலையை ஒதுக்கிட்டு வெளிய வந்தேன். வணக்கம் சொன்னேன். "சாப்பிட்டீகளா?"ன்னு கேட்டேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. "பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு சார், மத்தபடி எல்லாம் நல்லாத் தெரியும், சந்தேகம் இருந்தா நான் சொல்றேன் கேளுங்க"ன்னு, மை நேம் இஸ்ல ஆரம்பிச்சு முழுசாச் சொல்லிக் காட்டினேன். நானே இம்புட்டுச் சொல்றேன்னா, சொல்லிக் கொடுத்தவளுக்கு எம்புட்டுத் தெரிஞ்சிருக்கும்? அது தோணணுமா இல்லையா, படிச்சவனுக்கு? கூட ஒரு பொம்பளைப் பிள்ளை உக்காந்திருந்துச்சு, அது வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. நான் பாதி சொல்லிக்கிட்டிருக்கும்போதே படம் அணைஞ்சு போச்சு. கரண்டு போயிருச்சோன்னு ஃபேனைப் பாத்தேன். ஃபேனு ஓடுது.

என்ன? பக்கத்துல ஆள் இருக்கக் கூடாதுன்னு ரூலா? நீயும் அதைத்தான் சொல்லுவ. அட்டை அப்படிப் பேசச் சொல்லுது. அந்த ரூலை எழுதுனவன் ஒத்த ரூமு வீட்டுல குடியிருந்திருக்கானா? நாங்க பிள்ளை பெக்கும்போதும் பக்கத்துல ஆள் இருக்கும், சாகும்போதும் பக்கத்துல ஆள் இருக்கும். தனியா இருன்னா எங்க போய் இருக்குறது, கார்ப்பரேசன் தண்ணித் தொட்டி மேலயா?

மறுநாள் வந்துருச்சு பதிலு. அடுத்தவுக உதவியோட பேசினா, அதனால எடுக்க முடியாது. ஏமாத்துக்காரின்னு எழுதலை, அம்புட்டுத்தான். நாகஜோதி அழுகலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. சொவத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. "ஏண்டி, அந்த நேரத்துல உனக்கு மறந்து போச்சுல்ல? நான் எடுத்துக் கொடுக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?"னு கேட்டேன்.

"மறக்கலைம்மா"ன்னா. "யோசிச்சுக்கிட்டிருந்தேன்"னா.

இது ஒரு பேச்சா? மனப்பாடமாத் தெரிஞ்ச பாட்டு. அதுல யோசிக்க என்ன இருக்கு? கேட்டா, அவரு வேற மாதிரிச் சுத்தி வளைச்சுக் கேட்டாராம், நிதானமா யோசிச்சுப் புதுசாச் சொல்ல இருந்தாளாம். "யோசிச்சா வாயைத் தொறந்து யோசிக்க வேண்டியதுதானே, எனக்குத் தெரிய வேண்டாமா?"ன்னேன். எந்திரிச்சு முத்தத்துக்குப் போயிட்டா.

அதோட விட்டேனா? விடுவேனா! அந்தக் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு அடிக்கடி போன் பண்ணும், எச்.ஆர்.னு, ஆள் எடுக்குற பிரிவாம். பிள்ளை குளிக்கப் போன நேரம் அந்த நம்பரைப் போட்டேன். நறுக்குன்னு கேட்டேன். "உங்கம்மா உன் பின்னால நின்னதே இல்லையா? நீ அந்த நாக்காலியில உக்காந்திருக்கியே, யாரு தாங்கி உக்கார வச்சா?"ன்னேன். அது, "அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க"ங்குது. "நீ கேளு முதல்ல"ன்னேன். கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில போனை வச்சிருச்சு. ஜெயிச்சுட்டேன்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கும் இவ சண்டைக்கு வர்றா. என்னன்னா, இவ ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாளாம். இன்னொரு தடவை நேர்ல கூப்பிட்டுக் கேக்கலாமான்னு யோசிக்கிறோம்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்துச்சாம். என் போனுக்கப்புறம் ஒரு பேச்சும் இல்லையாம். எல்லாம் சும்மா. உங்க ஆளுக தப்பிக்கச் சொல்ற பொய்யி. இவ அதை நம்பிக்கிட்டு, என்கூடப் பேச்சையே நிறுத்திட்டா. சோறு வேணுமான்னா தலையாட்டுவா. நானும் வீம்புக்கு நிறுத்துனேன். முடியலை. சாயங்காலத்துக்குள்ள முடியலை.

என்ன ஊருத்தா இது, திருமங்கலம் தாண்டிட்டமா? தண்ணி குடிக்கிறியா? எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு, பேசிப் பேசி இல்லை, கோவத்துல.

ஆனா ரெண்டு நாளாச் சரியாயிட்டா, அதைச் சொல்லணும். தானா வந்து பேசினா. "அம்மா, ராஜபாளையத்து அத்தைக்கு ஒடம்பு முடியலையாம், உன்னைப் பாக்கணும்னுச்சாம், மாவடுன்னா அதுக்கு உசுரு, கொண்டு போய்க் கொடுத்துட்டு ராத்திரி தங்கிட்டு வா"ன்னா. எனக்கே அதிசயம். என் நாத்தனாருக்கும் எனக்கும் கல்யாணப் பந்தியில வந்த சண்டை, இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. அவ என்னையப் பாக்கணும்னு எப்படிச் சொன்னா? சாகக் கெடக்காளோ என்னமோ. என் போனு சூடாகுதாம், ரிப்பேருக்குக் கொடுக்கணும்னு அதையும் வாங்கி வச்சுக்கிட்டா. ஆட்டோ பிடிச்சு, கூட வந்து, இந்தச் சீட்டுல உக்கார வச்சுட்டுத்தான் போனா. வண்டி கெளம்புற வரைக்கும் நின்னா. பொம்பளைப் பிள்ளை பொம்பளைப் பிள்ளைதான்.

வளவே வந்து வழியனுப்புச்சுன்னா பாத்துக்கோ. முந்தி நான் ஊருக்குப் போனா ஒரு நாயி ஏறிட்டுப் பாக்காது. இன்னைக்கு ஜமீலா காலையிலயே மிசினை மூடிட்டு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "பத்திரமா போயிட்டு வாங்கக்கா"ங்குது. நோன்பு நாள்லகூட நிக்காத மிசினு அது. சவுந்தரம் என்னடான்னா மிக்சியை வச்சுக்கிட்டு அம்மியில சட்னி அரைச்சுக்கிட்டிருக்கா. "மிக்சிக்கு என்னடி?"ன்னா, "ரிப்பேரு"ங்குறா. அந்த வெங்காய வண்டிக்காரன் மைக்கை அமத்திட்டு வாசல்ல நின்னு கும்புடு போடுறான். அன்னைக்கு நான் போட்ட சத்தம் அப்படி. பயம் இருக்கணும்ல? எங்க வீட்டுக்காரரு மட்டும், டூட்டி முடிஞ்சு வந்தவரு, பாயைச் சுருட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் போறாரு, யாரும் சொல்லாமலே.

நாகஜோதியும் இன்னைக்கு நல்ல மொகமாத்தான் இருந்தா. தலைக்குக் குளிச்சிருந்தா. என் கூறைச்சேலை எங்கன்னு கேட்டு எடுத்து வச்சிருந்தா, வெயில்ல காயப் போடணுமாம். சட்டைகூட இஸ்திரி போட்டுக் கதவுல...

இரு.

இன்னைக்கு என்ன கெழமை? புதனா? புதன்கெழமை எவ தலைக்குக் குளிப்பா?

சட்டை கதவுல தொங்குச்சுத்தா. இஸ்திரி போட்டு. கீழ பழைய பாவாடையைக் கட்டிக்கிட்டுத்தான் ஆட்டோவுல வந்தா.

ஏய்! அடிப்பாவிகளா! சிரிக்கிறியா நீ? உனக்கு முன்னாலயே வெளங்கிருச்சா? கூடச் சேந்து எல்லாரும், அந்த ஜமீலாகூட, அந்த வெங்காயக்காரப் பய, தாலி கட்டுன மனுசன், வளவே ஒண்ணாச் சேந்து என்னைய வண்டியேத்தி விட்டுருக்காக! ஒடம்பு முடியலையாம் நாத்தனாருக்கு! அவ கல்லு மாதிரி இருப்பா. நான் போய் இறங்குனா, "யாரு நீ?"ம்பா. யோவ் கண்டக்டரு! வண்டியை நிறுத்துய்யா! நான் இறங்கணும். என்னது, கல்லுப்பட்டியிலதான் நிக்குமா? நடுக்காட்டுல இறங்கி நான் என்ன செய்யப் போறேன்னு உனக்கென்னய்யா? விசிலை ஊதுறியா இல்லையா?

மணி என்னத்தா? பதினொண்ணேகாலா? உங்க ஆளுக பதினோரு மணிக்குத்தானே ஆரம்பிப்பீக? அன்னைக்கும் அதே பதினொண்ணுதான். அப்ப இந்நேரம் உக்காந்துட்டா. அந்த ரூமுல, ஒத்தையில.

உன் போனைக் குடு. குடுங்குறேன். பிள்ளை நம்பரு எனக்குக் காதுலயே இருக்கு. எனக்குத் தெரியாம ஒரு இன்டர்வியூவா? பெத்தவளுக்குத் தெரியாம? கேக்குறேன் நறுக்குன்னு. இந்தப் பச்சையை அமுக்கணும், அதானே? தெரியும், தெரியும்.

...

அமுக்கலை. நீ ஒண்ணும் கையைத் தட்டிவிட வேண்டாம், நானே அமுக்கலை. இப்ப அடிச்சா அங்க மணி அடிக்கும். அவ பதில் சொல்லிக்கிட்டிருக்கும்போது அடிக்கும். அந்த உறிஞ்சுறவன் மாதிரி ஒருத்தன் டீயைக் கீழ வைப்பான். இந்தா, பிடி உன் போனை.

நான் செஞ்சது தப்புன்னு சொல்ல வரலை. அதைச் சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன், நீயும் எனக்குப் புத்தி சொல்லாதே. பெத்தவ பின்னால நிக்கத்தான் செய்வா. இன்னைக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கிறேன், கல்லுப்பட்டி தூரத்துக்கு. ராத்திரி வீட்டுக்குப் போய் ஒவ்வொருத்தியையும் வச்சுக்கிறேன். நாத்தனா வீட்டுல எவ தங்குவா? மாவடுவைக் கொடுத்துட்டு அடுத்த வண்டி ஏறிருவேன். சாயங்காலம் ஆயிரும்ல? அதுக்குள்ள முடிஞ்சிரும்ல? உங்க ஆளுக எம்புட்டு நேரம் கேப்பீக? ஒரு மணி நேரமா. சரி.

என்ன பாக்குற? வாயா? வாயை அசைச்சா உனக்கென்ன? சத்தம் வருதா? வரலைல்ல? அப்புறம் என்ன. அந்தக் கேள்வி வந்திருக்கும் இந்நேரம். அவ பேசாம இருப்பா. மறந்து போய் இல்லையாம். யோசிப்பாளாம்.

நீயும் இப்ப ஒண்ணும் கேக்காதே. ஞாயம் அப்புறம் சொல்லலாம். செத்த நேரம் பேசாம வா.

யோவ் கண்டக்டரு, அந்த விசிலைக் கொஞ்சம் மெதுவா ஊதக் கூடாதாய்யா? பிள்ளை யோசிச்சுக்கிட்டிருக்கால்ல!